மாப்பிள்ளையின் முறுக்கு வளைகோடு

ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தால் வண்டி மேடு ஏறிவிடும் என்று இந்த நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் நம்புகிறார்கள். இது தவறு. நீங்களும் சற்று முன்னால் அந்தத் தவறைச் செய்தீர்கள். "டிரைவர் இன்னும் கொஞ்சம் மிதிச்சா என்னவாம்" என்று முணுமுணுத்தீர்கள். எனக்குக் கேட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை, தம்பி. படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள், சொந்தமாக நாலு வண்டி வைத்திருந்தவர்கள் எல்லாரும் இதே நம்பிக்கையோடு வாழ்ந்து இதே நம்பிக்கையோடு கண்ணை மூடியிருக்கிறார்கள். அவர்களை யாரும் திருத்தவில்லை. பக்கத்து சீட்டில் நான் இல்லை, அதனால்.

ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள். ஆழியாறு தாண்டிவிட்டோம். இனி வால்பாறை வரை நாற்பது கொண்டை ஊசி வளைவு. எலுமிச்சம்பழத்தைக் கசக்காதீர்கள், மோந்து பார்த்தால் போதும்.

வால்பாறையில் என் மகள் வீடு இருக்கிறது. தலைப் பொங்கலுக்குச் சீர் கொண்டுபோகிறோம். போகிறோம் என்றால், சீர் காரில் வருகிறது, நான் பஸ்ஸில் போகிறேன். காரில் இடமில்லை என்று என் மனைவி மரகதம் சொல்லிவிட்டாள். பித்தளைப் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, துணிமணி, பலகாரம். இடமில்லைதான். நான் அதைப் பற்றிப் பேசவில்லை. முறுக்கைப் பற்றிப் பேசுகிறேன்.

என்ன வேலை பார்த்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. சொல்கிறேன். தொழிற்பயிற்சி மாணவர்களின் பாடநூல்களைத் தமிழாக்குகிற வேலை. மோட்டார் மெக்கானிக் புத்தகம் அட்டை முதல் அட்டை வரை என் மொழிபெயர்ப்பு. கிளட்ச், பிஸ்டன், ஹேண்ட்பிரேக் எல்லாவற்றுக்கும் தமிழில் சொல் வைத்தவன் நான். அதில் 'டார்க்' என்று ஒன்று வந்தது. எஞ்சின் தன் தண்டைத் திருகுகிற வலு. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று சொல்லாக்கக் குழுவில் பெரிய சண்டை. தங்கப்பாண்டி என்று ஒருவர், "திருப்புத்திறன்" என்றார். நான் "முறுக்கு விசை" என்றேன். தோளில் இருந்த துண்டை எடுத்துப் பிழிகிற மாதிரி முறுக்கிக் காட்டினேன். ஜெயித்துவிட்டேன். வெளியே வரும்போது தங்கப்பாண்டி சொன்னார்: "முறுக்குன்னு வெச்சிருக்கீங்க, என்னைக்காவது யாராவது வேற அர்த்தம் பண்ணிக்கப் போறாங்க சார்." தோற்றவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். தெரியாது. வண்டி ஓட்டுவது வேறு, வண்டி ஓடுவது வேறு. என் துறை இரண்டாவது.

மரகதத்துக்குத் தெரியும். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தாள். அந்த வகுப்புகளுக்கு நானும் தினமும் போனேன், பின் சீட்டில் உட்கார்ந்து, பயிற்சியாளர் விட்டுவிடுகிற கோட்பாட்டையெல்லாம் எடுத்துச் சொல்வதற்கு. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு அவள் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. என் மைத்துனர் வண்டி வாசலில் வருடக்கணக்கில் சும்மா நின்றது. "நீங்க பக்கத்துல வர்றீங்களா?" என்று கேட்பாள். "வராமல்?" என்பேன். உடனே சாவியை ஆணியில் மாட்டிவிடுவாள். திறமை இருந்தும் சிலருக்கு ஆர்வம் இருப்பதில்லை.

போன ஆவணியில் என் மகள் நிறைமதிக்குப் பொள்ளாச்சியில் கல்யாணம். மாப்பிள்ளை நவநீதன், வால்பாறைப் பையன். சம்பந்தி பெரியநாயகம் தேயிலைத் தோட்ட ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். எதுவும் வேண்டாம் என்று சொன்ன குடும்பம். நகை கேட்கவில்லை, வண்டி கேட்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதுவுமே கேட்காத குடும்பம்.

சம்பந்தியம்மா மட்டும் ஒன்று கேட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை பெண்ணைக் கொண்டுவந்து விடும்போது பத்தரை ராகு காலத்துக்கு முன்னால் அவள் வாசற்படி தாண்டி உள்ளே வந்துவிட வேண்டும். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் மணப்பெண்ணாக வந்தபோது வழியில் மரம் விழுந்து நேரம் தப்பிவிட்டதாம். பால் பொங்கி வழிந்தாலும் பசு கன்று போடாவிட்டாலும், 'ராகு காலத்துல வந்தவதானே' என்று அவருடைய மாமியார் சாகிற வரை சொல்லிக் காட்டினாராம். "என் மருமகளுக்கு அந்தப் பேச்சு வரக் கூடாதுங்க" என்றார். நியாயம்தானே? என் மகளும் அதைக் கேட்க வேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆக வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். மாப்பிள்ளையின் புது கார். பெட்ரோல் வண்டி. அவர் ஓட்டினார், நான் முன் சீட்டில், மரகதமும் நிறைமதியும் பின்னால். கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளையின் அத்தை முந்தின நாளே வண்டிக்குப் பூஜை போட்டு, ஸ்டீயரிங் முதல் மீட்டர் கண்ணாடி வரை கை நிறைய சந்தனத்தை அப்பியிருந்தார். மீட்டரில் வேக முள் தெரிந்தது, எச்சரிக்கை விளக்கு உட்பட பாக்கியெல்லாம் சந்தனத்துக்கு அடியில். தட்டில் மிச்சமிருந்த சந்தனமும் குங்குமமும் டேஷ்போர்டின் மேலேயே இருந்தது.

"நூத்திப்பத்து குதிரைங்க மாமா" என்றார் மாப்பிள்ளை, பெருமையாக.

"குதிரை மலை ஏற்றாது, மாப்பிள்ளை" என்றேன்.

"சரிங்க மாமா" என்றார். நல்ல பையன். எதற்கும் 'சரிங்க மாமா'தான்.

என் காலடியில் சீர் முறுக்கு டின். கை முறுக்கு, ஐந்து சுற்று, துணிப்பையில் போட்டுக் கட்டியது. "ஏனுங்க, காலு படப் போகுது, சீர் பலகாரத்தைக் கீழே வெக்காதீங்க" என்றாள் மரகதம். மடியில் வைத்தால் கனம். மலையடிவாரச் செக்போஸ்ட்டில் மாப்பிள்ளை இறங்கிக் கையெழுத்துப் போடப் போனார். அப்போது பார்த்தேன், இரண்டு சீட்டுக்கும் நடுவில் பை மாட்டுகிறதற்கு என்றே ஒரு கொக்கி இருந்தது. படுத்திருந்தது. டிக், டிக் என்று இரண்டு சத்தம் வருகிற அளவுக்கு மேலே இழுத்துப் பையை மாட்டினேன். கச்சிதமாக நின்றது.

அங்கிருந்து மலை ஏற்றம். வண்டி இழுக்கவில்லை.

இந்த பஸ் மாதிரி இல்லை. இது முனகினாலும் போகிறது. அது மூன்றாவது வளைவிலேயே, விருப்பமில்லாத வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவர் மாதிரி நடந்தது. மாப்பிள்ளை மிதித்தார். நீங்கள் சொன்ன அதே வைத்தியம். எஞ்சின் கத்தியது, வண்டி வேகம் எடுக்கவில்லை. இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். மூடி இறுகியிருக்கிறது. எவ்வளவு இறுகிய மூடியை உங்கள் மணிக்கட்டு திறக்கும் என்பது முறுக்கு விசை. நிமிடத்துக்கு எத்தனை மூடி திறப்பீர்கள் என்பது குதிரைத்திறன். சமவெளியில் பாட்டில்கள் நிறைய, மூடிகள் தளர்வு. மலையில் ஒரே பாட்டில், மூடி துருப்பிடித்தது. சரி, இந்த மணிக்கட்டுக்கு எப்போதும் ஒரே பலமா? அதுதான் இல்லை. எஞ்சின் மூச்சு விடுகிற பொருள். மிக மெதுவாகச் சுற்றினால் மூச்சு சரியாக நிறையாது. மிக வேகமாகச் சுற்றினால் மூச்சு இழுக்க நேரமே இருக்காது. நடுவில் ஓரிடத்தில் நெஞ்சு நிறைய காற்று வாங்கும். அங்கேதான் முறுக்கு உச்சம். வரைபடமாகப் போட்டால் இப்படி ஏறி, இப்படிச் சற்று படுத்து, இப்படி இறங்கும்…

கண்டக்டர் கையை உள்ளே வைக்கச் சொல்கிறார். வைக்கிறேன், ஐயா. வளைகோட்டைக் காட்டினேன், வேறொன்றுமில்லை.

பெட்ரோல் எஞ்சினுக்கு அந்த உச்சம் சற்று மேலே, வேகமாகச் சுற்றும்போது வரும். டீசலுக்குக் கீழேயே வந்துவிடும். அதனால்தான் லாரிக்கு டீசல். கியர் எதற்கு? எஞ்சினைத் தன் உச்ச முறுக்கில் சுற்ற விட்டு, அந்த முறுக்கைப் பெருக்கிச் சக்கரத்துக்குக் கொடுப்பதற்கு. ஆகவே மேட்டில் கியரைக் குறைக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைத்தான் காரிலும் சொன்னேன். சற்று விரிவாகச் சொன்னேன்.

"ரெண்டாவதுல வருதுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை.

"ஒன்றுக்கு இறங்குங்கள்."

"புது வண்டிங்க. ஒண்ணுல போட்டா கத்தும்."

"கத்தட்டும். முறுக்கு அங்கேதான் கிடைக்கும்."

"சரிங்க மாமா" என்றார். இறங்கவில்லை.

அவருக்குச் சுலபமாகப் புரிய வேண்டுமே என்று வீட்டு உதாரணம் ஒன்று சொன்னேன். டீசல் மாப்பிள்ளை, பெட்ரோல் மாப்பிள்ளை என்று இரண்டு வகை. டீசல் மாப்பிள்ளை தாலி கட்டிக் கை கழுவுவதற்குள் முழு முறுக்கையும் காட்டிவிடுவார். காப்பி ஆறிவிட்டது, மாமனார் எழுந்து நிற்கவில்லை, இப்படி. போகப் போக அடங்கிவிடுவார். பெட்ரோல் மாப்பிள்ளை ஆரம்பத்தில் பரம சாது. 'சரிங்க மாமா, சரிங்க மாமா.' வேகம் எடுத்த பிறகுதான் முறுக்கு மேலே வரும். "நீங்கள் எந்த வகை என்று இன்னும் தெரியவில்லை" என்றேன், சிரித்துக்கொண்டே.

பின்னால் நிறைமதி, "அப்பா, கொஞ்ச நேரம் வெளியில பாருங்களேன், எவ்வளவு அழகா இருக்கு" என்றாள். பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

பதினேழாவது வளைவில் கருகல் நாற்றம். மாப்பிள்ளை வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்துவிட்டு, முன்னால் வந்து பானெட்டைத் திறந்து பார்த்தார். புது எஞ்சினில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? பளபளவென்று இருந்தது. மூடினார். நான் டேஷ்போர்டில் இருந்த சந்தனத் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சொல்லிப் புரியாததை வரைந்து புரிய வைக்கலாம். பானெட்டின் மேல் சந்தனத்தால் இரண்டு அச்சு போட்டேன், கிடைமட்டத்தில் சுழற்சி வேகம், செங்குத்தில் முறுக்கு. அதன்மேல் வளைகோட்டை இழுத்தேன். உச்சியில் அடையாளத்துக்கு ஒரு குங்குமப் பொட்டு.

அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றுலா வேன் நின்றது. புது கார், கழுத்தில் மாலையோடு மாப்பிள்ளை, சந்தனக் கோலம், கையில் தட்டோடு நான். வேனிலிருந்து இறங்கிய ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டார். "எந்தச் சாமிக்குங்க இந்தக் கோலம்?" என்றார்.

"இது சாமி இல்லை, அம்மா. முறுக்கு வளைகோடு."

"முறுக்கு வள்ளியம்மனா?" என்று கேட்டுவிட்டு, உச்சியில் இருந்த குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். வண்டியைச் சுற்றி வந்தார்கள். ஐந்து நிமிடத்தில் என் வளைகோட்டின் உச்சம் முழுவதும் பத்து பன்னிரண்டு நெற்றிகளில் வால்பாறை நோக்கிப் போய்விட்டது. மிச்சமிருந்த கோட்டைப் பார்த்தால் அந்த எஞ்சினுக்கு முறுக்கே கிடையாது என்று ஆகும். விஞ்ஞானத்துக்கு இந்த நாட்டில் இதுதான் கதி.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மரகதத்தின் முகம் வெளுத்துவிட்டது. "ராகு காலம் வந்துருமுங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சம்பந்திக்குத் தகவல் சொல்வது என் பொறுப்பு என்று நினைத்து போனைப் போட்டேன்.

"சம்பந்தி, பயப்பட ஒன்றுமில்லை. நடுவழியில் நிற்கிறோம். முறுக்குதான் பிரச்சினை."

மலையில் சிக்னல் வந்து வந்து போகும். அந்தப் பக்கம் கரகரவென்றது.

"என்னுங்க? முறுக்கா? யாருக்குங்க?"

"மாப்பிள்ளையின் வண்டிக்குத்தான்" என்றேன். அதில் 'மாப்பிள்ளை'யும் 'தான்'உம் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நடுவில் இருந்ததை மலை தின்றுவிட்டது.

"நம்ம நவநீதனா? முறுக்கிக்கிட்டு நிக்கிறானா? எதுலீங்க நிக்கிறான்?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எந்தக் கியரில் நிற்கிறான் என்று கேட்கிற அளவுக்கு விஷயம் தெரிந்த சம்பந்தி. "இப்போதைக்கு இரண்டில் நிற்கிறார், சம்பந்தி. ஒன்றுக்கு இறங்கி வாருங்கள் என்று ஒவ்வொரு வளைவிலும் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். இறங்கவே மாட்டேன் என்கிறார்."

 "ரெண்டுலீங்களா?" என்றார்.

"இரண்டில்தான்."

இணைப்பு போய்விட்டது. இரண்டு என்றால் என்ன இரண்டு என்று அவர் கேட்கவே இல்லை, பாருங்கள். ஓர் எண்ணைச் சொன்னால் அலகு என்ன என்று கேட்க வேண்டும். இது அறிவியலின் பாலபாடம். கல்யாண வீடுகளில் அந்தப் பழக்கம் கிடையாது.

அடுத்த நிமிடம் மாப்பிள்ளையின் போன் அடித்தது. அவர் காதில் வைத்திருந்தும் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"ஏன்டா நவநீதா! ஒண்ணுமே வேண்டாமுன்னு நாலு பேரு முன்னால சொல்லிப்போட்டு, இப்ப நடு ரோட்டுல ரெண்டு வேணுமுன்னு நிக்கிறியாமா? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் இந்த ஊருக்குள்ள நடப்பேன்? மருவாதியா வண்டிய எடு!"

"அப்பா, வண்டி ஏற மாட்டேங்குதுப்பா…"

"ஏறும்டா, ரெண்டு குடுத்தா ஏறும்! உன்னையப் பத்தி எனக்குத் தெரியாம போச்சே!"

அதுவும் அறுந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார்.

"மாமா, எங்கப்பாகிட்ட என்ன சொன்னீங்க?"

"உள்ளதை உள்ளபடி. நீங்கள் இரண்டில் நிற்பதைச் சொன்னேன்."

மரகதம் தலையில் கை வைத்துக்கொண்டாள். திருப்பிக் கூப்பிட்டால் சிக்னல் இல்லை.  நவநீதன் மாலையைக் கழற்றிப் பக்கவாட்டுக் கண்ணாடியில் மாட்டினார். ரோட்டோரத் தடுப்புச் சுவரில் போய் உட்கார்ந்தார். சற்றுத் தள்ளி அதே சுவரில் இரண்டு வரையாடு நின்றிருந்தன. மூவரும் ஒரே திசையில் பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள்.

"பெத்த அப்பனே என்னைய அப்படி நெனைச்சுட்டாரு. இனி நான் அந்த வூட்டுக்கு வரலைங்க. நீங்க வேணுமுன்னா உங்க பொண்ணைக் கொண்டுபோய் விடுங்க" என்றார். வரையாட்டைப் பார்த்துச் சொன்னார். எனக்குத்தான் சொன்னார்.

அப்போது எனக்கு ஓர் உண்மை பளிச்சென்று புலப்பட்டது. டீசலும் இல்லை, பெட்ரோலும் இல்லை. அசையாமல் உட்கார்ந்த இடத்தில், சுழற்சி பூஜ்யத்தில், முழு முறுக்கு! மின்சார மோட்டாருக்கு மட்டும்தான் அந்தக் குணம் உண்டு. நின்ற நிலையிலேயே அதன் முறுக்கு உச்சத்தில் இருக்கும். "மாப்பிள்ளை, நீங்கள் மூன்றாவது வகை!" என்று சொன்னேன். பாராட்டாகத்தான் சொன்னேன்.

"அப்பா!" என்றாள் நிறைமதி. அவள் அந்தக் குரலில் என்னைக் கூப்பிட்டதில்லை.

கீழே இருந்து பஸ் சத்தம் கேட்டது. இதே பொள்ளாச்சி–வால்பாறை பஸ். நிறைமதி பட்டுப் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் போய் நின்று கையைக் காட்டினாள். பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, "என்ன அம்மணி, ஓடி வந்துட்டீங்களா?" என்றார்.

"இல்லீங்கண்ணா, வூட்டுக்குத்தான் போறோம். நல்ல நேரம் தப்புது. ரெண்டு டிக்கெட் குடுங்க."

டிக்கெட்டை வாங்கிக்கொண்டு நேராகத் தடுப்புச் சுவருக்குப் போனாள். நவநீதன் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"ரெண்டு கேட்டீங்களாமா. இந்தாங்க, ரெண்டு. கேட்ட ஒடனே இப்படி எந்தப் பொண்டாட்டி குடுப்பா? எந்திரிங்க."

அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. "வண்டி?" என்றார்.

"வண்டிக்கு அப்பா பாடம் எடுக்கட்டும். எந்திரிங்கங்கறேன்."

எழுந்தார். சாவியை மரகதத்தின் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியில் மாட்டிய மாலையை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏறினார். பஸ்ஸுக்குள் யாரோ விசில் அடித்தார்கள். கல்யாண ஜோடிக்கு இடம் விடுங்கப்பா என்று கண்டக்டர் கத்தினார். பஸ் போய்விட்டது. ஆடுகளும் போய்விட்டன.

நானும் மரகதமும் மட்டும். அவள் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "பசிக்குது. அந்த முறுக்கை எடுக்கறேன்" என்று காருக்குள் குனிந்தாள். பையைக் கழற்றினாள். கழற்றியவள் நிமிரவில்லை.

"ஏனுங்க, இது எப்ப இருந்து இப்படித் தூக்கியிருக்குது?"

"செக்போஸ்ட்டிலிருந்து. பை மாட்ட வசதியாக. இரண்டு டிக்தான்."

"இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது தெரிந்தது. "கைத்தடை" என்றேன். "அந்தச் சொல்லே நான் வைத்ததுதான்."

 மரகதம் டின்னைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்து, ஐந்து சுற்றையும் கடித்து மென்று முடித்தாள். கை முறுக்கு மெல்லுகிற சத்தம் மலையில் எதிரொலிக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கையைத் தட்டிக்கொண்டு, அந்தக் கொக்கியை, கைத்தடையை, அழுத்திக் கீழே இறக்கினாள்.

"பின்னாடி போய் உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். டின் என் மடியில். கல்லை எடுக்கச் சொன்னாள். இறங்கி எடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

வண்டி ஏறியது பாருங்கள்! வளைவுக்கு வளைவு ஒன்று, நேர் ரோட்டில் இரண்டு, வாய்ப்பு கிடைத்தால் மூன்று. "இப்போது முறுக்கு…" என்று ஒரு தடவை ஆரம்பித்தேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நானே நிறுத்திக்கொண்டேன், அவள் கவனம் சிதறக் கூடாது என்று. மேலே ஒரு நீளமான ஏற்றத்தில் பஸ்ஸை முந்தினோம். ஜன்னலில் நிறைமதி, "அம்மா! அம்மா ஓட்டுது!" என்று கத்தினாள். நவநீதன் எழுந்து நின்று, வண்டியை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

சம்பந்தி வீட்டு வாசலில் பெரியநாயகம் தனியாக நின்றிருந்தார். என்னைக் கண்டதும் ஓடி வந்து என் கையைப் பிடித்து உள்ளங்கையில் எதையோ அழுத்தினார். இரண்டு தங்க வளையல். சம்பந்தியம்மாவுடையது.

"எம் பையன் கேட்டானில்லீங்களா, அந்த ரெண்டு லட்சம், அதுக்கு இது ஈடாகுமுங்க. நீங்க குடுத்ததாவே அவன்கிட்டக் குடுத்துருங்க. ஊருக்குத் தெரிய வேண்டாமுங்க. எங்களை மன்னிச்சுருங்க சம்பந்தி." அவர் கண் கலங்கியிருந்தது. உள்ளே கதவோரத்தில் சம்பந்தியம்மா வெறுங்கையோடு ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி, நான் சொன்னது கியர்" என்றேன்.

"என்னுங்க?"

"அலகு. இரண்டாவது கியர். நீங்கள் அலகு கேட்கவில்லை."

மரகதம் என் கையிலிருந்த வளையலைப் பிடுங்கி, உள்ளே போய்ச் சம்பந்தியம்மாவின் கையில் தானே போட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். சம்பந்தி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வந்திறங்கிய மகனைக் கண்டதும் எழுந்து போய் அவன் தலையில் கை வைத்தார்.  ஆரத்தி சுற்றி நிறைமதி உள்ளே வலது காலை வைத்தபோது ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் உள்ளே போனதைப் பார்க்கவில்லை. ஆனால் நேரத்துக்கு நான் சாட்சி.

கைத்தடை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சிரிப்பது தெரிகிறது. கைத்தடை சக்கரத்தைப் பிடிக்கும். எஞ்சினுடைய முறுக்கு விசையை அது கடுகளவும் குறைக்காது. நான் காரில் பேசியது முழுக்க எஞ்சினைப் பற்றி. ஆகவே நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை, இதுவரை ஒருவரும் மறுக்கவும் இல்லை. பாடநூலில்தான் குறை. அதில் கைத்தடையைப் பக்கவாட்டில் வரைந்திருக்கிறார்கள். மேலே இருந்து பார்த்தால் அது எவருக்கும் கொக்கிதான். அடுத்த பதிப்பில் மேலிருந்து பார்க்கிற படம் ஒன்றும் சேர்க்கும்படி எழுதிப் போட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை பழையபடி 'சரிங்க மாமா' என்கிறார். ஆனால் எந்தக் காரில் ஏறினாலும், பக்கத்தில் நான் இருந்தால், முதலில் நடுவில் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாவி போடுகிறார். மரகதத்துக்கு அன்றோடு ஆர்வம் வந்துவிட்டது. பழைய கார் ஒன்று வாங்கினாள். மார்க்கெட், கோயில், தங்கை வீடு, எங்கேயும் அதில்தான். அவள் ஓட்டத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்குத்தான் சீர் சாமானால் இடமில்லாமல் போயிற்று.

அதோ, பின்னால் ஹாரன். கேட்கிறதா? வெள்ளைக் கார். அவள்தான். கொஞ்சம் தலையை நகர்த்துங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினாள், கேட்டீர்களா? சரியான இடத்தில் மாற்றினாள், உச்சத்துக்கு நேர் கீழே. முந்திவிட்டாள். கூரையில் கரும்பு கட்டியிருக்கிறது. பின் சீட்டில் பானை. முன் சீட்டில் முறுக்கு டின். அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டிருக்கிறாள்.